பட்டனுக்கு முன்னால ஸ்பேனர்

போன வருஷம் நவம்பர் மாசம் ஒருத்தன் இடது கையைத் தொட்டில் கட்டி மாட்டிக்கிட்டு கிளாஸுக்கு வந்து போனானே, ஞாபகம் இருக்கா? அது நான்தான். காறை எலும்பு முறிவு. "லேப்ல லேத்துல மாட்டிக்கிட்டியா?"ன்னு கேட்ட ஜூனியர்ஸ்கிட்ட எல்லாம் ஆமான்னு சொல்லி வச்சேன். உண்மை கொஞ்சம் கேவலமானது. என் வண்டியோட சஸ்பென்ஷனை நானே திருகி, நானே விழுந்தேன்.

எங்க ஊர் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்துல இருந்து கடலூர் ரோட்டைப் பிடிச்சு, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, பி.முட்லூர்ல வலது பக்கம் திரும்பினா ஊருக்கு வந்துடலாம். தினமும் போய் வர்ற வழி. என் வண்டில கம்ப்ரெஷன், ரீபவுண்ட், ப்ரீலோடு மூணையும் மாத்தலாம். வாங்கின ரெண்டாவது வாரமே ஸ்க்ரூட்ரைவரை எடுத்து எல்லாத்தையும் 'ஹார்டு' பக்கம் கடைசி வரைக்கும் திருகிட்டேன். ரேஸ் வண்டின்னா கெட்டியா இருக்கணும், அவ்ளோதான் அப்போ எனக்குத் தெரிஞ்ச தியரி. வண்டியும் கல்லு மாதிரி ஆச்சு. எனக்குப் பயங்கர சந்தோஷம்.

ஒரு வளைவு. குழாய்க்குத் தோண்டி மூடின ஒட்டுகள் வரிசையா, கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு ஒண்ணு. வேகம் 50தான். முதல் ஒட்டு, ரெண்டாவது ஒட்டு வரைக்கும் ஒண்ணும் இல்ல. மூணாவதுலயோ நாலாவதுலயோ பின்சக்கரம் அப்படியே பக்கவாட்டுல நகர்ந்தது. மணலும் இல்ல, எண்ணெயும் இல்ல, டயரும் புதுசு. அப்புறம் ஏன் விழுந்தேன்? கையைக் கட்டிக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தப்போ இந்தக் கணக்கைத்தான் போட்டேன். அதே கணக்குதான் பின்னாடி ஒரு எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் வண்டியைச் சோதிக்கிறப்பவும் கைகொடுத்தது. நீங்களும் ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க.

ஸ்பிரிங் எடையைத் தாங்கும். டேம்பர் வேகத்தைத் தாங்கும். மெக்கானிக்கல் வைப்ரேஷன்ஸ் பேப்பர்ல நாம அரியர் வைக்கிற அதே விஷயம்தான். ஸ்பிரிங்கோட விசை அது எவ்வளவு தூரம் அமுங்கியிருக்குங்கிறதைப் பொறுத்தது. டேம்பரோட விசை எவ்வளவு வேகமா அமுங்குது, விரியுதுங்கிறதைப் பொறுத்தது. வண்டி நின்னுட்டு இருந்தா டேம்பருக்கு வேலையே இல்ல.

உதாரணத்துக்கு, பின்சக்கரத்து மேல வர்ற எடை 130 கிலோன்னு வச்சுக்குவோம். சக்கரத்துல அளந்தா ஸ்பிரிங்கோட கெட்டித்தன்மை ஒரு மி.மீ.க்கு 20 நியூட்டன். அப்போ சஸ்பென்ஷன் சக்கரத்தைத் தரையை நோக்கித் தள்ளுற விசை சுமார் 1275 நியூட்டன். ரீபவுண்டை முழுசா மூடினதுல டேம்பிங் கெழு 6000 நியூட்டன்-செகண்ட்/மீட்டர்னு எடுத்துக்கோங்க. 1275-ஐ 6000-ஆல வகுத்தா செகண்டுக்கு 0.21 மீட்டர். சக்கரம் கீழ இறங்க முடிஞ்ச அதிகபட்ச வேகம் அவ்வளவுதான்.

இப்போ ரோட்டைப் பாருங்க. மணிக்கு 50 கி.மீ.ன்னா செகண்டுக்கு 13.9 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஒரு ஒட்டுன்னா, ஒட்டுக்கு ஒட்டு 72 மில்லி செகண்ட். அதுல பாதி மேடு, பாதி பள்ளம். பள்ளத்துல இறங்கச் சக்கரத்துக்குக் கிடைக்கிறது 36 மில்லி செகண்ட். அந்த நேரத்துல அது 7, 8 மி.மீ.தான் இறங்கும். பள்ளத்தோட ஆழம் 20 மி.மீ.ன்னா? டயர் தரையைச் சரியாத் தொடாமலே அடுத்த மேட்டுல இடிக்கும். ஒவ்வொரு ஒட்டுலயும் சஸ்பென்ஷன் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, விரிய நேரமில்லாம அப்படியே உட்கார்ந்துடும். இதுக்கு 'பேக்கிங் டவுன்'னு பேரு. முதல் ஒட்டுல ஒண்ணும் ஆகாம நாலாவதுல விழுந்ததுக்குக் காரணம் இதுதான். அதே டேம்பிங் 1500 ஆ இருந்திருந்தா, சக்கரத்தோட சொந்த எடையைக் கணக்குல சேர்த்தாலும் 20 மி.மீ. இறங்கியிருக்கும். எலும்பும் முழுசா இருந்திருக்கும்.

அப்போ எல்லாத்தையும் லூஸா விட்டுடலாமான்னு கேட்டா, அதுவும் முடியாது. இந்த 130 கிலோவும் ஸ்பிரிங்கும் சேர்ந்து செகண்டுக்குக் கிட்டத்தட்ட 2 தடவை ஆடும். அந்த ஆட்டத்தை அடக்க டேம்பிங் வேணும். ஆனா அதே டேம்பிங் அதிகமா இருந்தா சக்கரம் வேகமா ஏறி இறங்க முடியாது. சக்கரத்தோட சொந்த ஆட்டம் இதே மாதிரிக் கணக்குல செகண்டுக்கு 15 தடவை கிட்ட வரும். ஒரே ஒரு ஸ்க்ரூவை வச்சு ரெண்டு வெவ்வேற ஆட்டத்தைச் சமாளிக்கணும். சாதா சஸ்பென்ஷன்ல நாம எந்த கிளிக்ல வச்சாலும் அது ஒரு சமரசம்தான். எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் வந்ததே இந்தச் சமரசத்தைக் குறைக்கத்தான்.

இதோட தியரி பழசு. டீன் கார்னாப்பும் அவரோட சகாக்களும் 1974-லயே எழுதிட்டாங்க. 'ஸ்கைஹூக்'னு பேரு. வண்டியோட உடம்பை வானத்துல ஒரு கொக்கி போட்டு, அதுல ஒரு டேம்பரை மாட்டித் தொங்கவிட்ட மாதிரி கற்பனை பண்ணுங்க. ரோடு எப்படி இருந்தாலும் உடம்பு ஆடாது. நிஜத்துல வானத்துல கொக்கி கிடையாது, டேம்பர் உடம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவுலதான் இருக்கு. அதனால ஒரு தந்திரம் பண்றாங்க. உடம்பு மேல எழும்புது, சஸ்பென்ஷனும் விரியுதுன்னா, டேம்பர் உடம்பைக் கீழ இழுக்கும், நமக்கு வேண்டியது அதுதான். வால்வை இறுக்கு. உடம்பு மேல எழும்புது, ஆனா சஸ்பென்ஷன் சுருங்குதுன்னா, டேம்பர் உடம்பை இன்னும் மேல தள்ளும், அது வேண்டாம். வால்வைத் திற. உடம்பு கீழ இறங்குறப்போ இதையே தலைகீழாப் போட்டுக்கோங்க. மனுஷன் ஸ்க்ரூவைத் திருகி வைக்கிற ஒரே அளவுக்குப் பதிலா, சென்சார் பார்த்து, கன்ட்ரோலர் முடிவு பண்ணி, சோலினாய்டு வால்வு ஆயில் போற வழியைச் சில மில்லி செகண்டுக்குள்ள மாத்துது. பிரேக் பிடிச்சா முன்பக்கம் அமுங்காம இருக்க ஃபோர்க்கை இறுக்குற மாதிரி விஷயங்களையும் இது மேல சேர்த்திருக்காங்க.

இன்னொண்ணையும் கவனிங்க. இதை 'செமி ஆக்டிவ்'னுதான் சொல்றோம். ஏன் 'செமி'? டேம்பரால ஆற்றலை உறிஞ்சத்தான் முடியும், சக்கரத்தைத் தானா தள்ளிவிட முடியாது. தள்ளுறது எப்பவும் ஸ்பிரிங்தான்.

மோட்டார் சைக்கிள்ல 2004-ல பிஎம்டபிள்யூ கே 1200 எஸ்-ல பட்டனை அமுக்கி செட்டிங் மாத்துற வசதி வந்தது. ஓடும்போதே தானா மாறுறது ஸ்போர்ட் பைக்ல 2012-ல அவங்களோட எச்பி4-ல வந்தது. 2015-ல யமஹா ஆர்1எம், அப்புறம் டுகாட்டி பனிகாலேன்னு வரிசையா வந்துடுச்சு. மோட்டோஜிபி ரூல்ஸ்ல எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனுக்குத் தடை. அங்க இன்னைக்கும் மெக்கானிக் ஸ்பேனரோடதான் உட்கார்ந்திருக்கார்! நம்ம பட்ஜெட்டுக்குக் கிட்ட வர்றதுன்னா, ஓசூர்ல தயாராகுற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2021-ல இருந்து டைனமிக் கிட்னு ஒண்ணு தர்றாங்க. எலக்ட்ரானிக் இல்ல, கையால திருகுறதுதான். ஆனா கத்துக்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சரி, கதைக்கு வருவோம். கை சரியான நேரத்துல, சிங்கப்பூர் ஷிப்யார்டுல வேலை பார்த்த என் மாமா பையன் ஊருக்கு வந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஸ் 1000 ஆர்ஆர் வாங்கினார். எலக்ட்ரானிக் டேம்பிங் உள்ளது. என் கையைப் பார்த்துட்டு ஒரே சிரிப்பு.

"இதுல எல்லாம் தானா பாத்துக்கும்டா. நீ பண்ணின கூத்தெல்லாம் இதுல நடக்காது."

"ப்ரீலோடையும் தானா பாத்துக்குமா மச்சான்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மேனுவலை எடுத்தார்.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். பெரும்பாலான எலக்ட்ரானிக் ஸ்போர்ட் பைக்ல பட்டன் மாத்துறது டேம்பிங்கை மட்டும்தான். ஸ்பிரிங்கோட ப்ரீலோடை இன்னும் ஸ்பேனரால்தான் மாத்தணும். நீளப் பயணத்துக்கான பெரிய வண்டிகள் சிலதுல ப்ரீலோடுக்கும் மோட்டார் இருக்கு, அது வேற விஷயம். நீங்க 55 கிலோவா 95 கிலோவான்னு வண்டிக்குத் தெரியாது. நம்ம உதாரணத்தையே எடுங்க. ப்ரீலோடு இல்லாம அந்த ஸ்பிரிங் 64 மி.மீ. உட்காரும். 30 மி.மீ. ப்ரீலோடு குடுத்தா 34. பின்சக்கரத்தோட மொத்த ட்ராவல் 120 மி.மீ.ன்னா, கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு உட்காரணும்ங்கிற பொது விதிக்கு இது சரியா வரும். இப்போ ஒரு நண்பனைப் பின்னாடி ஏத்துங்க. அவனோட எடையில 50 கிலோ பின்சக்கரத்து மேல வந்தா இன்னும் 24 மி.மீ. இறங்கும். பாதி ட்ராவல் நிக்கும்போதே காலி. பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்குறதால ஸ்டியரிங் மந்தமாகும், ராத்திரில ஹெட்லைட் எதிர்ல வர்ற பஸ் டிரைவர் கண்ணுல அடிக்கும். எந்த மோடு பட்டனும் இதைச் சரி பண்ணாது.

அதனால முதல் வேலை சாக் அளக்கிறது. மூணு பேர் வேணும். வண்டியைத் தூக்கி, சக்கரம் முழுசா தொங்கும்போது ஆக்ஸில்ல இருந்து சீட் பக்கத்துல ஒரு புள்ளி வரைக்கும் டேப்பால அளங்க. அப்புறம் நீங்க ஹெல்மெட், ஷூ, பை எல்லாத்தோடயும் உட்கார்ந்து, ஒருத்தர் வண்டியைப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் அளக்கணும். ரெண்டுக்கும் வித்தியாசம்தான் சாக். மச்சான் உட்கார்ந்தப்போ ட்ராவல்ல பாதி போயிருந்தது. முன்னாடி வச்சிருந்தவர் ரொம்ப ஒல்லி போல. சி-ஸ்பேனர் தேடி, ப்ரீலோடு ஏத்தி, திரும்ப அளக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு. அதுக்கப்புறம்தான் பட்டனையே தொட்டோம்.

(ஒரு சின்ன இடைவேளை. ஸ்பிரிங் ஸ்டீல்ல மாங்கனீஸ் இருக்குன்னு மெட்டீரியல்ஸ் கிளாஸ்ல படிச்சிருப்பீங்க. ஸ்டீல் தயாரிக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கிற முறைக்கு 1839-ல காப்புரிமை வாங்கினவர் ஜோசையா மார்ஷல் ஹீத். 1830-ல எங்க ஊர் பரங்கிப்பேட்டைல இரும்பு ஆலை ஆரம்பிச்சவர் அவரேதான். சேலத்துத் தாது இங்க வந்து உருகினது. ஊர் பெருமை பேச ஒரு சான்ஸ் கிடைச்சா விடுவேனா!)

இனி சோதனை. முதல் நாள் எடுத்த ரீடிங் எல்லாம் குப்பை. காலைல எடுத்ததும் மதியம் எடுத்ததும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. அப்புறம்தான் உறைச்சது, டயர்ல காத்து எவ்வளவுன்னே நாங்க பார்க்கல. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். மறுநாள் வண்டி குளிர்ந்திருக்கும்போதே காத்து பார்த்து, பெட்ரோலும் ஒரே அளவு வச்சு, ஒரே ஆள், ஒரே கியர், ஒரே வேகம்னு பிடிவாதமா இருந்தோம். அளக்கப் போன்தான். ஃபைஃபாக்ஸ்னு ஜெர்மனியோட ஆகன் பல்கலைக்கழகத்துல உருவாக்கின இலவச ஆப் இருக்கு. போன்ல உள்ள முடுக்கமானியை ரெக்கார்டு பண்ணி, எந்த அதிர்வெண்ல எவ்வளவு ஆட்டம்னு கிராஃபே போட்டுக் குடுக்கும். பழைய போனைப் பயன்படுத்துங்க. பெரிய இன்ஜின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம்னு 2021-ல ஆப்பிளே எச்சரிக்கை விட்டிருக்கு.

இங்க சிக்னல்ஸ் பேப்பரும் உதவிக்கு வரும். 4000 ஆர்பிஎம்ல இன்ஜின் சுழற்சி 67 ஹெர்ட்ஸ். போன் 100 ஹெர்ட்ஸ்ல சாம்பிள் எடுத்தா, அந்த 67, கிராஃப்ல 33 ஹெர்ட்ஸா வேஷம் போட்டு வரும். அதைப் பார்த்து "ஆஹா, சஸ்பென்ஷன் 33 ஹெர்ட்ஸ்ல ஆடுது"ன்னு எழுதினீங்கன்னா வைவாவுல மானம் போகும். உங்களுக்கு வேண்டியது 2 ஹெர்ட்ஸ் பக்கமும் 15 ஹெர்ட்ஸ் பக்கமும் மட்டும்தான்.

சோதனைக்கு இடம் வெள்ளாற்றுப் பாலம். பாலத்தோட ஒவ்வொரு விரிவு இணைப்பும் சக்கரத்துக்கு ஒரே மாதிரி ஒரு தட்டு. லேப்ல காசு குடுத்துச் செய்ய வேண்டிய இன்புட், நெடுஞ்சாலைத் துறை இலவசமாப் போட்டு வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை விடிகாலை, வேகம் 60, அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. 60-க்கு மேல தெரிஞ்சுக்க ஆசையிருந்தா இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ட்ராக் டே நடக்குறப்போ போங்க. கடலூர் ரோடு ட்ராக் கிடையாது.

அடுத்தது ஒரு குருட்டுச் சோதனை. டிஸ்ப்ளேல மோடு காட்டுற மூலைல கருப்பு டேப் ஒட்டிட்டு, மச்சான் ரகசியமா மோடு மாத்திக் குடுப்பார். நான் ஓட்டிட்டு வந்து எந்த மோடுன்னு சொல்லணும். எல்லாமே சரியாச் சொன்னேன். ஒரே பெருமை! அப்புறம் யோசிச்சா, மோடு மாத்தினா த்ராட்டில் ரெஸ்பான்ஸும் சேர்ந்து மாறுது. நான் கண்டுபிடிச்சது சஸ்பென்ஷனை இல்ல, ஆக்ஸிலேட்டரை. மெனுவுக்குள்ள போய் டேம்பிங்கை மட்டும் தனியா மாத்தி மறுபடி ஓட்டினோம். ஆறுல மூணுதான் சரி. காசைச் சுண்டிவிட்டாலும் அதே மார்க் வந்திருக்கும்.

ஆனா போனுக்குத் தெரிஞ்சது. சாஃப்ட்ல 2 ஹெர்ட்ஸ் மேடு பெருசா, இணைப்பைத் தாண்டின பிறகும் ஆட்டம் கொஞ்சம் நீண்டது. ஹார்டுல அது சின்னது, 15 பக்கம் எகிறியிருந்தது. என் இடுப்புக்குத் தெரியாதது கிராஃப்ல இருந்தது.

இதுல ஒரு பொறி இருக்கு, அதையும் சொல்லிடறேன். போன் சீட்டுல இருக்கு. அது வண்டி உடம்போட ஆட்டத்தைத்தான் சொல்லும். டயர் தரையை எவ்வளவு அழுத்திப் பிடிச்சிருக்குங்கிறதை அது சொல்லாது. சொகுசும் பிடிமானமும் ஒண்ணு இல்ல. நான் விழுந்த அன்னைக்கு சீட்டுல போன் இருந்திருந்தா முதல் ரெண்டு ஒட்டுல நல்ல கிராஃப்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். சக்கரத்தோட கதையைக் கொஞ்சமாவது தெரிஞ்சுக்க, ஃபோர்க் குழாய்ல ஒரு கேபிள் டையை லேசா மாட்டி விடுங்க. ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கினதோ, அங்க போய் நிக்கும். அஞ்சு ரூபா சென்சார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் அளந்து எழுதிட்டு மறுபடி பழைய இடத்துக்கே தள்ளி விடுங்க. கேபிள் டை கடைசி வரைக்கும் போயிருந்தா அந்த செட்டிங் ரொம்ப சாஃப்ட். ட்ராவல்ல பாதி கூடப் போகலைன்னா, நீங்க காசு குடுத்து வாங்கின ட்ராவலைப் பயன்படுத்தாமலே ஓட்டுறீங்க.

கடற்கரை ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். உப்புக் காத்து ஃபோர்க் குழாய்ல புள்ளி புள்ளியா அரிக்கும், அந்தப் புள்ளி ஆயில் சீலைக் கிழிக்கும். ஆயில் ஒழுகிட்டா எந்த செட்டிங்கும் செட்டிங் இல்ல, பிரேக்ல ஆயில் சொட்டினா இன்னும் மோசம். கேபிள் டை மாட்டுறதுக்கு முன்னாடி ஈரத் துணியால துடைச்சுட்டு, விரலால தடவிப் பாருங்க.

கிளிக் எண்ணுறதுல எல்லாரும் பண்ற தப்பு, இருக்கிற இடத்துல இருந்து எண்ணுறது. முழுசா மூடுற வரைக்கும் மெதுவா, அழுத்தாம திருகி, அங்கிருந்து வெளிய எத்தனைன்னு எண்ணுங்க. முதல்ல கம்பெனி குடுத்த எண்ணிக்கையை நோட்டுல எழுதுங்க, தொலைஞ்சு போனா வீட்டுக்கு வழி அதுதான். ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரூ, ரெண்டே கிளிக், ஒரே ரோடு. எலக்ட்ரானிக் மெனுவுக்கும் இதே பழக்கம்தான். பிளஸ், மைனஸ்னு ஒரு படி மாத்தினா எழுதுங்க, அப்புறம் அடுத்த படி.

இப்போ என் வண்டில கம்பெனி அளவை விட ரீபவுண்ட் மட்டும் ரெண்டு கிளிக் வெளிய இருக்கு. அந்த வளைவுல ஒட்டுகள் அப்படியேதான் இருக்கு, தினமும் அது மேல 30-ல போறேன். மச்சானோட வண்டில ஆளை ஏத்திக்கிட்டு பாலத்துல ஒரு ரவுண்டு எடுக்கணும், நோட்டுல அந்தப் பக்கம் இன்னும் காலி. பின்னாடி உட்கார 60 கிலோல ஒரு ஆள் தேவை. சொந்த ஹெல்மெட் இருக்கணும். விருப்பம் உள்ளவங்க மெக்கானிக்கல் பிளாக் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வாங்க, ஏறுறதுக்கு முன்னாடி உங்களையும் சேர்த்துத்தான் சாக் அளப்போம்.